வெள்ளிக் குவளையின் மூன்று எழுத்துகள்

அமெரிக்கக் குடியேற்றக் காலத்து வெள்ளிப் பாத்திரம் ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்த்தால், அதன் விவரச் சீட்டில் முதலில் இருப்பது செய்தவரின் பெயர். அடுத்து ஊரும் ஆண்டும். கடைசியில், சிறிய எழுத்தில், அதை நன்கொடையாகக் கொடுத்தவரின் பெயர். செய்தவருக்கும் கொடுத்தவருக்கும் நடுவே கழிந்த 150 அல்லது 200 ஆண்டுகளில் அந்தப் பாத்திரம் யார் யார் வீட்டு அலமாரியில் இருந்தது, எந்தத் திருமணத்தோடு எந்த ஊருக்குப் போனது, யாருடைய உயிலில் எழுதப்பட்டது என்பதற்கெல்லாம் சீட்டில் இடம் இருப்பதில்லை. எனக்கு அந்த இடைக்காலம்தான் பெரிதாகப் படுகிறது. பாஸ்டனின் புகழ்பெற்ற வெள்ளிக் கொல்லர் பால் ரிவியர் செய்தது என்பதற்காக ஒரு கரண்டியின் முன் கூட்டம் நிற்கிறது. அதே கரண்டியின் காம்பில் வெட்டியிருக்கும் எழுத்துகள் யாருடையவை என்று கேட்பவர் அரிது. இந்தப் பதிவு அந்த எழுத்துகளைப் பற்றியது.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் வசதியுள்ள குடும்பங்கள் வெள்ளிப் பாத்திரம் செய்துவைத்ததற்கு அழகுணர்ச்சி ஒன்றே காரணமில்லை. பணத்தைப் போட்டுவைக்க அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அங்கே வங்கி கிடையாது. கையில் சேர்ந்ததெல்லாம் ஸ்பானிய டாலர்களும், வேறு நாட்டு நாணயங்களும், ஓரம் வெட்டப்பட்டு எடை குறைந்த காசுகளுமாக ஒரு கலவை. ஒரே ஸ்பானிய டாலர் மாசசூசெட்ஸில் 6 ஷில்லிங், பென்சில்வேனியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ், நியூயார்க்கில் 8 ஷில்லிங் என்று கணக்கிடப்பட்டது. நாணயத்தைப் பெட்டியில் வைத்திருந்து திருடு போனால், எது யாருடையது என்று சொல்ல வழியே இல்லை. அதையே உருக்கி, கீல் மூடியும் கைப்பிடியும் வைத்த டேங்கர்ட் என்னும் பெரிய குவளையாகவோ கிண்ணமாகவோ அடித்துப் பெயர் வெட்டி வைத்துவிட்டால், அது அடையாளம் சொல்லக்கூடிய சொத்தாகிவிடும். களவு போனால் இன்னாருடைய முத்திரை, இன்ன எழுத்துகள் என்று பத்திரிகையில் அறிவிப்பார்கள். யாராவது விற்க வந்தால் நிறுத்திவைக்கும்படி வெள்ளிக் கொல்லர்களைக் கேட்டுக்கொள்வார்கள். பணமுடை வந்தால் மறுபடியும் உருக்கிவிடலாம்.

உருக்குவதற்கும் அடிப்பதற்கும் நடுவே இருந்த கணக்கு எளிமையானது. வீட்டுக்காரர் பழைய வெள்ளியையோ நாணயங்களையோ கொண்டுவந்து கொடுப்பார்; கொல்லர் எடை போட்டு வரவு வைத்து, முடிந்த பாத்திரத்தின் எடைக்கு ஒரு தொகையும் செய்கூலியாக ஒரு தொகையும் எழுதுவார். அந்த எடையைப் பாத்திரத்தின் அடியில் ஊசிமுனையால் கீறிவைப்பது பலருடைய வழக்கம். டிராய் அவுன்ஸிலும், அதில் இருபதில் ஒரு பங்கான பென்னிவெயிட்டிலும் கீறிய அந்த எண்களைப் பலரும் வெறும் கீறல் என்று கடந்துபோய்விடுகிறார்கள். பின்னால் அவற்றுக்கே திரும்பி வருகிறேன். குடும்பத் தலைவர் இறந்தபின் மதிப்பீட்டாளர்கள் வீட்டுக்கு வந்து எழுதிய சொத்துப் பட்டியல்களிலும் வெள்ளி பெரும்பாலும் மொத்த எடையாகவே வருகிறது; வேலைப்பாடு எவ்வளவு நயமாக இருந்தாலும் மதிப்பீட்டாளரின் தராசில் அது ஏறவில்லை.

இந்தச் சேமிப்பு எப்படித் தொடங்கும் என்பதற்கு பெஞ்சமின் பிராங்க்ளின் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருப்பதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. மலிவான மண்கிண்ணத்தில் ரொட்டியும் பாலும், ஈயக்கலவைக் கரண்டி ஒன்றும் வைத்துக் காலை உணவு உண்டுவந்தவருக்கு, ஒரு நாள் சீனப் பீங்கான் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் வந்து நிற்கின்றன. மனைவி டெபரா அவருக்குத் தெரியாமல் 23 ஷில்லிங் கொடுத்து வாங்கியவை. அக்கம்பக்கத்து வீட்டாருக்கு இருப்பது தன் கணவருக்கும் இருக்க வேண்டும் என்பதைத் தவிர டெபரா வேறு சமாதானம் சொல்லவில்லை. அந்த வீட்டின் வெள்ளியும் பீங்கானும் பிறகு பல நூறு பவுண்டு மதிப்புக்கு வளர்ந்ததாகவும் அவரே எழுதுகிறார். அந்த வளர்ச்சியின் முதல் முடிவை எடுத்தவர் வீட்டுப் பெண் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் செய்த வெள்ளியில் மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, சோதித்ததற்கான முத்திரை, நகர முத்திரை, ஆண்டைக் குறிக்கும் எழுத்து எல்லாம் வரிசையாக இருக்கும். அட்டவணை தெரிந்தவர் ஆண்டைச் சொல்லிவிடலாம். அமெரிக்கக் குடியேற்றங்களில் அப்படி மாற்றுப் பார்த்து முத்திரையிடும் மன்றம் எதுவும் இருக்கவில்லை. பாஸ்டனில் 1652இல் நாணயசாலை அமைத்தபோது அதை நடத்திய ஜான் ஹல்லும் அவருடைய கூட்டாளி ராபர்ட் சாண்டர்சனும், ஹல்லிடம் தொழில் பழகிய ஜெரமையா டம்மரும், அடுத்த தலைமுறையின் ஜான் கோனியும் தங்கள் பெயரின் முதலெழுத்துகளை இதய வடிவத்திலோ கேடய வடிவத்திலோ பொறித்தார்கள். பிற்காலத்தவர் குடும்பப் பெயரை நீள்சதுரத்துக்குள் பொறித்தார்கள். மாற்றுக்கு அந்தக் கொல்லரின் நேர்மை மட்டுமே உறுதி. பால்டிமோரில் மட்டும் 1814 முதல் 1830 வரை சட்டப்படி மாற்றுப் பார்த்து முத்திரையிட்டார்கள். அதைத் தவிர நாடு முழுவதும் இதே நிலைதான்.

ஒரு கொல்லர் 40 ஆண்டுகள் தொழில் செய்திருந்தால், முத்திரையை வைத்து அந்த 40 ஆண்டுகளுக்குள் எங்கோ செய்தது என்றுதான் சொல்ல முடியும். அதைவிட நெருக்கமாகச் சொல்ல வேண்டுமானால் உடையவரின் எழுத்துகளைத்தான் நாட வேண்டும். எழுத்துகளுக்கு உரிய தம்பதியைக் கண்டுபிடித்து, அவர்களின் திருமண ஆண்டைத் தேவாலயப் பதிவேட்டிலோ ஊர்ப் பதிவேட்டிலோ பார்த்தால், பல நேரங்களில் பாத்திரத்தின் வயதும் கிடைத்துவிடும். உடைமை வரலாறு விலையைக் கூட்டுவதற்கான அலங்காரம் என்று ஏலக்காரர்களின் பேச்சில் தொனிப்பதுண்டு. இந்த வெள்ளியைப் பொறுத்தவரை அதை எடுத்துவிட்டால் காலக்கணக்கே ஆட்டம் கண்டுவிடும்.

அந்த எழுத்துகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தம்பதிக்குச் சொந்தமான பாத்திரத்தில் மூன்று எழுத்துகளை முக்கோணமாக வெட்டுவார்கள். உச்சியில் குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே இடப்பக்கம் கணவனுடையது, வலப்பக்கம் மனைவியுடையது. மேலே பி, கீழே ஐ, எம் என்று இருந்தால், பி என்று தொடங்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஜான், மேரி போன்ற ஒரு தம்பதியைத் தேட வேண்டும். ஜான் எப்படி ஐ ஆனார் என்றால், செதுக்குபவர்கள் ஐ, ஜே என்ற இரண்டு எழுத்துகளுக்கும் பெரிய ஐ எழுத்தையே வெட்டினார்கள். இது தெரியாமல் ஐசக்கையும் இக்னேஷியஸையும் தேடி அலைந்தவர்கள் உண்டு. டேங்கர்டில் எழுத்துகள் பெரும்பாலும் கைப்பிடியில் இருக்கும். போரிஞ்சர் என்னும் ஒற்றைக் கைப்பிடிக் கிண்ணத்தில், துளையிட்ட தட்டையான கைப்பிடியின் மேற்பரப்பில் இருக்கும். அந்தக் கிண்ணம் இங்கிலாந்தில் வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் ஆனபின்னும், மாசசூசெட்ஸ் முதலிய வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். குழந்தைக்கும் மணப்பெண்ணுக்கும் கொடுக்கத் தோதான அளவும் விலையும் அதற்கு இருந்தன என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

மூன்று எழுத்துகள் இல்லாமல் இரண்டே இருந்தால் விஷயம் இன்னும் சுவையாகிறது. அது ஒரு தனிமனிதரின் பெயர். பல நேரங்களில் திருமணத்துக்கு முந்தைய பெயரோடு ஒரு பெண். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளியில் பிறந்த வீட்டுப் பெயரே இருக்கும். ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின்படி, மணமான அன்றே பெண்ணின் அசையும் பொருள்களெல்லாம் கணவனின் உடைமையாகிவிட்டன. அவளுடைய எழுத்துகளைச் சுமந்த டேங்கர்டை அவளைக் கேட்காமலே அவன் விற்கலாம், உருக்கலாம், கடனுக்கு ஈடாகக் கொடுக்கலாம். திருமணமான பெண்களுக்குச் சொத்துரிமை வழங்கிய நியூயார்க் மாநிலச் சட்டம் 1848இல்தான் வந்தது. அப்படியிருக்க, பொறித்த பெயரைப் பெரும்பாலான வீடுகள் அழிக்கவில்லை என்பதும், உயில் எழுதிய கணவர்கள் பலர் மனைவி கொண்டுவந்த வெள்ளியை அவளுக்கே திருப்பி எழுதிவைத்தார்கள் என்பதும், சட்டம் ஒரு பக்கமும் குடும்ப வழக்கம் மறுபக்கமும் நின்றதைக் காட்டுகின்றன.

நிலமும் வீடும் பெரும்பாலும் மகன்களுக்குப் போயின. மெத்தை, துணிமணி, பாத்திரம், வெள்ளி போன்ற அசையும் பொருள்களில்தான் மகள்களின் பங்கு பெரும்பாலும் கழிக்கப்பட்டது. ஆகவே வெள்ளி பெண்வழியில் நகர்ந்தது. தாயிடமிருந்து மகளுக்கு, அத்தையிடமிருந்து மருமகளுக்கு, பாட்டியிடமிருந்து தன் பெயரையே சூட்டிய பேத்திக்கு என்று போன அந்த வழியில் ஒவ்வொரு தலைமுறையிலும் குடும்பப் பெயர் மாறியது. எலிசபெத் என்ற பெயரில் பாட்டியும் பேத்தியும் இருந்தால், எழுத்து பொருந்துகிறது என்பதற்காகவே கிண்ணம் பேத்திக்குப் போயிருக்கும். அவள் குடும்பப் பெயரோ வேறாக இருக்கும்.

இதனால்தான் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுபவர்கள் வழி தவறுகிறார்கள். இன்றைக்கு ஒரு குடும்பத்திடம் இருக்கும் பாத்திரத்தில் அதே குடும்பப் பெயரின் முதலெழுத்து இருந்தால், நம் தாத்தாவின் தாத்தா செய்வித்தது என்று நம்பிவிடுவது இயல்பு. தந்தைவழிப் பெயரோடு எழுத்து தற்செயலாக ஒத்துப்போயிருக்கலாம். உண்மையில் அது நான்கு திருமணங்களுக்கு முன்பு வேறொரு வீட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். எழுத்து பொருந்தவில்லை என்றால் அதைவிட மோசம்: எங்கோ வாங்கியது என்று ஒதுக்கி, விற்றும் விடுகிறார்கள். வம்சாவளியில் மனைவிமாரின் பிறந்த வீட்டுப் பெயர்களை எழுதாத குடும்பங்களால் தங்கள் வெள்ளியின் வரலாற்றை மீட்கவே முடியாது என்று நான் துணிந்து சொல்வேன்.

எழுத்தும் ஏடும் பொருளும் மூன்றும் சேர்ந்து தப்பிப் பிழைத்த அரிய நிகழ்வு ஒன்று உண்டு. மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரின் மருத்துவர் வில்லியம் பெயின், அதே மாசசூசெட்ஸின் சேலம் ஊரைச் சேர்ந்த லோயிஸ் ஆர்னை மணந்தபோது, 1773இல் பால் ரிவியரிடம் 45 உருப்படிகள் கொண்ட வெள்ளித் தொகுதி ஒன்றைச் செய்வித்தார். காபிக் கெண்டி, தேநீர்க் கெண்டி, டேங்கர்ட், குவளைகள், கரண்டிகள் எல்லாம் அடங்கிய அந்தத் தொகுதிதான் ரிவியருக்குக் கிடைத்த மிகப் பெரிய வேலை. அவருடைய கணக்கேடுகள் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் பாதுகாக்கப்பட்டிருப்பதால் யாருக்கு எதைச் செய்தார் என்று பார்க்க முடிகிறது. பணம் கொடுத்தவர் பெயின் என்றாலும் வெள்ளி அணிந்திருப்பது மணமகளின் ஆர்ன் குடும்பக் குலச்சின்னத்தை. அதே 1773 டிசம்பரில் பிரிட்டிஷ் வரியை எதிர்த்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். ரிவியர் கிளர்ச்சிக்காரர்களின் பக்கம். பெயின் மன்னரின் பக்கம், அதனால் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தவர். வாடிக்கையாளரையும் கொல்லரையும் போர் எதிரெதிராக நிறுத்தியபோதும் வெள்ளி குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பெயின் வழிவந்தவர்களே இருபதாம் நூற்றாண்டில் வூஸ்டர் கலை அருங்காட்சியகத்துக்கு அதைக் கொடுத்தார்கள். ரிவியரின் பெயருக்காக எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். லோயிஸ் ஆர்னுக்காக ஒருமுறை பார்க்கலாம்.

குடும்பத்தைவிட்டு வெள்ளி போன இடங்களில் முதன்மையானது தேவாலயம். திராட்சரசம் பகிரும் நற்கருணைச் சடங்குக்கு இன்ன வடிவத்துப் பாத்திரம்தான் வேண்டும் என்ற கட்டாயம் நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் சபைகளில் இல்லாததால், வீட்டில் குடித்த குவளைகளும் டேங்கர்டுகளுமே சபைக்கு உயில் வழியாக வந்தன. இப்படி வந்தவற்றில் பொறித்திருக்கும் ஆண்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. புரூக்ஃபீல்டின் மூன்றாம் தேவாலயத்துக்காக ரிவியர் 1772இல் செய்த ஆறு டேங்கர்டுகள் இன்று விண்டர்தர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இஃப்ரேம் பார்ட்லெட்டின் கைம்பெண் மேரி பார்ட்லெட்டின் கொடை என்ற வாசகத்தோடு அவற்றில் பொறித்திருக்கும் ஆண்டோ 1768. பொறித்திருப்பது கொடையின் ஆண்டு, வெள்ளி அடித்தது அதற்குப் பின்பு. நேர்மாறாகவும் நடக்கும்: 30 ஆண்டுகள் வீட்டில் புழங்கிய குவளையைச் சபைக்குக் கொடுக்கும்போது கொடுத்த ஆண்டைப் பொறித்திருப்பார்கள். தேவாலயங்கள் இவற்றை உருக்காமல் காத்ததால்தான் பதினேழாம் நூற்றாண்டு வெள்ளியில் நமக்கு இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது.

குடும்பக் கதைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பழைய குடும்பங்களில் இரண்டு கதைகள் திரும்பத் திரும்ப வரும்: பிரிட்டிஷ் படை வந்தபோது வெள்ளியைக் கிணற்றில் போட்டுவைத்தார்கள் என்பது ஒன்று, தெற்கே, உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்குப் பயந்து தோட்டத்தில் புதைத்தார்கள் என்பது மற்றொன்று. சில உண்மையாகவே நடந்திருக்கும். எல்லா வீட்டுக் கிணற்றிலும் வெள்ளி கிடந்திருக்க முடியாது. ஜான் ஹல்லின் மகள் ஹன்னா 1676இல் சாமுவேல் சியூவலை மணந்தபோது, தந்தை அவளைத் தராசின் ஒரு தட்டில் உட்காரவைத்து, மறு தட்டில் தான் அச்சடித்த, பைன் மரம் பொறித்த ஷில்லிங் நாணயங்களைக் குவித்து எடைக்கு எடை சீராகக் கொடுத்தார் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. ஹல்லின் கணக்கேடோ தவணைத் தவணையாகப் பணம் கொடுத்ததைத்தான் காட்டுகிறது. தவணையில் கதை இல்லை, தராசில் இருக்கிறது. மக்கள் எதை வைத்துக்கொள்வார்கள் என்பது தெரிந்ததுதானே.

இந்தக் கதைகளில் பெரும்பங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் எழுத்து வடிவம் பெற்றது. விடுதலையின் நூற்றாண்டு விழா 1876இல் நடந்ததை ஒட்டி முன்னோர் மீது பெரும் ஆர்வம் கிளம்பியது. பேரன் பேத்திகள் பழைய டேங்கர்டுகளை நகைக்கடைக்குக் கொண்டுபோய், இன்னார் இன்னாருக்கு இந்த ஆண்டில் கொடுத்தது என்று ஐந்தாறு தலைமுறையை வரிசையாகப் பொறித்து வாங்கினார்கள். எழுத்தின் பாணியைப் பார்த்தாலே அது பிற்காலத்தது என்று தெரிந்துவிடும். சில சேகரிப்பாளர்கள் இத்தகைய பொறிப்பைக் கறையாக நினைத்து வழித்தெடுத்தும் இருக்கிறார்கள். அது எனக்குக் கோபம் வரவழைக்கும் செயல். 1880இல் பொறித்த வரி 1730இல் நடந்ததற்குச் சாட்சி ஆகாது என்பது சரி. ஆனால் 1880இல் அந்தப் பாத்திரம் யாரிடம் இருந்தது, தங்களுக்கு அது யார் வழியாக வந்ததாக அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது. பாட்டி ஒருவர் எழுதி டேங்கர்டுக்குள் போட்டுவைத்த துண்டுச் சீட்டையும் நான் அப்படித்தான் படிப்பேன்: அவர் கண்ணால் கண்ட இரண்டு தலைமுறையை நம்பலாம், அதற்கு மேலே உள்ளதைப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும்.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1906இல் அமெரிக்க வெள்ளிக்கென்று முதல் பெரிய கண்காட்சியை நடத்தும்வரை, தங்களிடம் இருந்ததை இங்கிலாந்து வெள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் பல. முத்திரைகளுக்கு உரியவர்கள் யார் என்று தெரியவந்ததும் விலை ஏறியது. விலை ஏறியதும் போலிகள் வந்தன. சின்னக் கரண்டியின் முத்திரைப் பகுதியை வெட்டியெடுத்துப் பெரிய பாத்திரத்தில் பற்றவைத்தார்கள். ரிவியரின் முத்திரையைப் புதிதாக வெட்டிப் பொறித்தார்கள். போலிக்குப் பெரும்பாலும் பொருத்தமான குடும்பக் கதையும் கூடவே வரும். இப்போது ஊடுகதிர் ஒளிர்வு முறையில் உலோகத்தைச் சோதிக்கிறார்கள். பழைய வெள்ளியில் தங்கமும் ஈயமும் நுண்ணளவில் கலந்திருக்கும், மின்முறையில் சுத்திகரித்த பிற்கால வெள்ளியில் அவை ஏறக்குறைய இருக்காது.

அடியில் கீறிய எடை இங்கேதான் கைகொடுக்கிறது. கீறியிருப்பது 24 அவுன்ஸ், இன்றைய எடை 23 என்றால், அது தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துத் துலக்கியதன் கழிவு, இயல்பானது. இன்றைய எடை கூடுதலாக இருந்தால் யாரோ எதையோ ஒட்டியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுவிலக்கு இயக்கம் பரவியபோது, தாத்தாவின் பீர் டேங்கர்டை வைத்துக்கொள்ளக் கூச்சப்பட்ட குடும்பங்கள் அதன் வயிற்றில் துளையிட்டு மூக்கு வைத்துத் தண்ணீர்க் கூஜாவாக்கின. பிற்காலச் சேகரிப்பாளர்கள் அந்த மூக்கைப் பிடுங்கிவிட்டு ஒட்டுப்போட்டார்கள். ஒட்டின் தடத்தில் மூச்சுக்காற்றை ஊதினால் வட்டமாகத் தெரியும். குறை என்று விலையைக் குறைக்கும் அந்த வட்டத்தில், ஒரு குடும்பம் குடியை விட்ட காலமும் பதிவாகியிருக்கிறது என்பது என் கட்சி.

எழுத்துகள் சொல்லாததும் உண்டு. இந்த வெள்ளியை வாங்கிய வணிகக் குடும்பங்கள் பலவற்றின் செல்வம் மேற்கிந்தியச் சர்க்கரையிலிருந்தும் அடிமை வணிகத்திலிருந்தும் வந்தது. பட்டறையிலும் அடிமைப்பட்டவர்கள் வேலை செய்தார்கள். தெற்கே சார்லஸ்டன் நகரில் அலெக்சாண்டர் பெட்ரி என்ற வெள்ளிக் கொல்லர் 1768இல் இறந்தபின், அவருடைய சொத்துகளோடு ஆபிரகாம் என்ற அடிமைப்பட்ட வெள்ளிக் கொல்லரும் விற்கப்பட்டார். வாங்கியவர் அதே தொழிலில் இருந்த ஜோனதன் சரசின். பெட்ரியின் முத்திரையோடு இன்று கண்ணாடிப் பேழைகளில் இருக்கும் பாத்திரங்களில் எவற்றை ஆபிரகாமின் சுத்தியல் அடித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே சொத்துப் பட்டியலில் வெள்ளியும் மனிதர்களும் அடுத்தடுத்த வரிகளில் மதிப்பிடப்பட்டிருப்பதைப் படித்தபின், உடைமை என்ற சொல்லை முன்போல எளிதாக எழுத வரவில்லை.

கூட்டாக உடைமை கொண்டவற்றின் கதை வேறு. ரிவியர் 1768இல் செய்த புகழ்பெற்ற விடுதலை மைந்தர் கிண்ணத்தை, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த அந்தப் பெயருடைய குழுவின் 15 பேர் சேர்ந்து செய்வித்தார்கள். மன்னரின் ஆணைக்கு இணங்க மறுத்த 92 மாசசூசெட்ஸ் பிரதிநிதிகளைப் போற்றும் வாசகம் அதில் இருக்கிறது, அந்த 15 பேரின் பெயர்கள் விளிம்பைச் சுற்றி இருக்கின்றன. பதினைந்து பேருக்குச் சொந்தமான ஒன்று யாருடைய வாரிசுக்குப் போக வேண்டும்? தனிக் கைகளுக்கு மாறிக்கொண்டிருந்த அதை, கடைசியில் 1949இல், பள்ளிப் பிள்ளைகள் கொடுத்த காசும் சேர்ந்த பொது நன்கொடையால் பாஸ்டன் அருங்காட்சியகம் வாங்கியது.

சாதாரணக் குடும்பங்களின் வெள்ளிக்கு அந்த யோகம் இல்லை. பன்னிரண்டு கரண்டிகளை நான்கு பிள்ளைகளுக்கு மும்மூன்றாகப் பிரிப்பார்கள். அடுத்த தலைமுறையில் ஆளுக்கு ஒன்று. தேநீர்க் கெண்டி ஒருத்திக்கு, பால் குவளை இன்னொருத்திக்கு, சர்க்கரைக் கிண்ணம் ஓகையோவுக்குக் குடிபெயர்ந்தவருக்கு. பிரிந்தவை மீண்டும் சேர்வது அரிது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, எழுத்து தெரியாத, கதை தெரியாத பழைய கரண்டிகள் எடைக்குப் போய் உலையில் விழுந்தன. அவற்றில் எத்தனை முக்கோண எழுத்துகள் கரைந்தன என்பதற்குக் கணக்கே இல்லை.

எனவே, 1800ஐ ஒட்டிய கரண்டி ஒன்று, காம்பின் முனை சவப்பெட்டி வடிவில் வெட்டியது, யாருடைய வீட்டிலாவது இருந்தால், விலை விசாரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. முத்திரையையும் எழுத்துகளையும் சாய்வான வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும். அது யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தவரை, பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர்களோடு எழுத வேண்டும். தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாக எழுத வேண்டும். பிறகு அந்தக் குடும்பத்தின் ஊர் எந்தக் கவுன்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) இருந்ததோ அதன் உயில் பதிவுகளைத் தேடலாம். வெள்ளிக் கரண்டிகளைப் பெயர் சொல்லி மகளுக்கு எழுதிவைத்த வரி ஒன்று கிடைத்துவிட்டால், அந்தக் கரண்டிக்கு உடையவள் கிடைத்துவிட்டாள். இந்த விவரங்களை அமிலமற்ற தாளில் எழுதிக் கூடவே வைக்கலாம். ரப்பர் வளையத்தால் கட்டிவைக்க மட்டும் கூடாது: ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடாகப் படியும், அந்தக் கோட்டைத் தேய்த்துப் போக்கினால் பக்கத்தில் இருக்கும் எழுத்தும் சேர்ந்தே தேயும்.